‘இது பஸ்ஸாம், நீ டிரைவராம்’: குழந்தையோடு குழந்தை சேரும்போது அறிவு வளர்வது எப்படி?

நான்கு வயதுப் பிள்ளைகள் இருவர் தரையில் கட்டைகளைக் கொட்டிப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். “அத எடு” என்கிறாள் ஒருத்தி. பையன் கைக்கு வந்த ஒன்றை எடுத்து நீட்டுகிறான். “இது இல்ல, அது.” இன்னொன்று வருகிறது. “சிவப்பு!” அவன் ஒரு சிவப்புக் கட்டையைத் தேடி எடுக்கிறான், அது குட்டை. “ஐயோ, நீளமா இருக்கே, அந்தச் சிவப்பு.” இப்போது சரியான கட்டை வந்துவிட்டது. கோபுரம் மேலே ஏறுகிறது.

அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. அதற்குள் அந்தச் சிறுமி செய்த வேலையைக் கணக்குப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. தன் மனதில் இருப்பது அவன் மனதில் இல்லை என்று முதலில் கண்டுபிடித்தாள். ‘அது’ என்ற சொல் தனக்குப் போதும், அவனுக்குப் போதாது என்று புரிந்துகொண்டாள். நிறத்தைச் சொன்னாள். அந்த நிறத்தில் இரண்டு கட்டைகள் இருப்பதைக் கவனித்து நீளத்தையும் சேர்த்தாள். யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. அவன் தப்பான கட்டையை நீட்டினான், அவ்வளவுதான்.

அவன் இடத்தில் அம்மாவோ அப்பாவோ இருந்திருந்தால்? பிள்ளையின் கண் போகும் திசையைப் பார்த்தே கட்டையை எடுத்துக் கொடுத்திருப்பார்கள். அரைகுறையாகச் சொன்னதை முழுதாக்கிக்கொள்வது பெரியவர்களின் இயல்பு, அன்பும்கூட. அந்த அன்பினால்தான் குழந்தை பேசவே தொடங்குகிறது. ஆனால் ‘நீளமான சிவப்புக் கட்டை’ என்று சொல்ல வேண்டிய தேவை அங்கே எழுவதில்லை. இன்னொரு குழந்தைக்கு அவ்வளவு பொறுமையும் கிடையாது, ஊகிக்கும் திறமையும் கிடையாது. ஒரு கூட்டாளியாக அவனுடைய பெரிய தகுதியே அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

‘நாலு பிள்ளைகளோடு பழகட்டும், அப்போதுதான் சூட்டிகை வரும்’ என்று எல்லோரும் சொல்கிறோம். சொல்வதில் தப்பில்லை. எதனால் வருகிறது, எப்போது வராமல் போகிறது என்பதுதான் கேள்வி. நூறு ஆண்டுகளாக உளவியலாளர்கள் இதைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறார்கள்.

ஒரே ஆண்டில் பிறந்த இருவர்

ஸ்விட்சர்லாந்தின் ழான் பியாஜேயும் ரஷ்யாவின் லெவ் வைகாட்ஸ்கியும் 1896-இல் பிறந்தவர்கள். வைகாட்ஸ்கி காசநோயால் 1934-இல் இறந்துவிட்டார். பியாஜே 1980 வரை வாழ்ந்தார். குழந்தையின் அறிவு எப்படி வளர்கிறது என்ற பேச்சு இன்றும் இவர்கள் இருவரையும் தொடாமல் நகர்வதில்லை.

பியாஜே சிறுவர்களோடு உட்கார்ந்து கோலி விளையாட்டைப் பற்றிக் கேட்டார். விதிகளை யார் போட்டது, மாற்றலாமா என்று கேட்டார். சிறிய பிள்ளைகளுக்கு விதி என்பது பெரியவர்களிடமிருந்து வந்த, கை வைக்கக் கூடாத ஒன்று. பத்து வயதை ஒட்டியவர்களோ எல்லோரும் ஒத்துக்கொண்டால் மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். நடுவில் என்ன நடந்தது? 1932-இல் வெளியான ஆய்வில் பியாஜே சொன்ன விடை இது: பெரியவர் சொன்னால் குழந்தை கேட்டுக்கொள்கிறது, ஆனால் யோசிப்பதில்லை. சொன்னவர் பெரியவர் என்பதே போதுமான காரணமாகிவிடுகிறது. சமவயதுப் பிள்ளை சொன்னால் அப்படிக் கேட்டுக்கொள்ள வேண்டியதில்லை. ‘ஏன்?’ என்று கேட்கலாம், ‘போங்கு ஆட்டம்’ என்று கத்தலாம், கோபித்துக்கொண்டு போகலாம். ஆட்டம் தொடர வேண்டுமானால் இருவரும் காரணம் சொல்லி ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும்.

வைகாட்ஸ்கி வேறு பக்கத்திலிருந்து வந்தார். ஒரு குழந்தை தனியாகச் செய்ய முடிவதற்கும், துணையோடு செய்ய முடிவதற்கும் இடையே ஓர் இடைவெளி இருக்கிறது. நாளைய வளர்ச்சி அந்த இடைவெளியில்தான் நடக்கிறது என்றார். ‘அண்மை வளர்ச்சி மண்டலம்’ என்று கல்வியியல் பாடங்களில் வருவது இதுதான். அந்தத் துணை பெரியவராக இருக்கலாம், அல்லது கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்த இன்னொரு பிள்ளையாக இருக்கலாம் என்று அவரே சொல்லியிருக்கிறார். மேற்கோள் காட்டுகிறவர்கள் பெரும்பாலும் முதல் பாதியோடு நிறுத்திக்கொண்டு ஆசிரியரின் பெருமையைப் பேசப் போய்விடுகிறார்கள்.

இருவரும் மோதிக்கொண்ட ஓர் இடம் சுவையானது. மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் விளையாடும்போது தனக்குத்தானே பேசிக்கொண்டிருக்கும். “இப்ப இது இங்க... அப்புறம் இது மேல...” இதற்குத் தன்மையப் பேச்சு என்று பெயர் வைத்தார் பியாஜே. எதிராளியின் பார்வையை எண்ணிப் பார்க்கத் தெரியாத வயதின் அடையாளம் இது, போகப் போக மறைந்துவிடும் என்பது அவர் கணிப்பு. வைகாட்ஸ்கி இதைச் சோதித்துப் பார்த்தார். காது கேளாத குழந்தைகளின் நடுவிலும், வேறு மொழி பேசும் குழந்தைகளின் நடுவிலும் அந்தப் பிள்ளைகளை விட்டார். தனக்குத்தானே பேசுகிற பேச்சு என்றால் சுற்றி யார் இருந்தால் என்ன? ஆனால் பேச்சு வெகுவாகக் குறைந்துவிட்டது. புரிந்துகொள்ள ஆள் இருக்கிறது என்ற எண்ணம் இருந்தால்தான் அந்தப் பேச்சே வருகிறது. அது பிறரோடு பேசும் பேச்சிலிருந்து பிறந்து, மெல்ல உள்ளே போய், சிந்தனையாக மாறுகிறது என்று அவர் முடிவுக்கு வந்தார். இந்த வழக்கில் பின்னால் வந்த ஆய்வுகள் பெரும்பாலும் வைகாட்ஸ்கியின் பக்கம் சாய்ந்தன.

இரண்டு தப்பு சேர்ந்து ஒரு சரி

பியாஜேயின் புகழ்பெற்ற கண்ணாடிக் குவளைச் சோதனை பலருக்கும் தெரிந்திருக்கும். ஒரே மாதிரியான இரண்டு குவளைகளில் சம அளவு தண்ணீர். ஒன்றிலிருப்பதை ஒல்லியான, உயரமான குவளைக்கு மாற்றுகிறோம். எதில் அதிகம் என்று கேட்டால், ஐந்து வயதுப் பிள்ளை தயங்காமல் உயரமானதைக் காட்டும். ‘இரண்டும் சமம்தான், கண்ணு’ என்று நாம் சொல்லிக்கொடுத்தால் தலையாட்டும். அடுத்த முறை வேறு பாத்திரத்தில் கேட்டால் பழைய பதிலே வரும்.

1975-இல் ஜெனிவாவைச் சேர்ந்த வில்லெம் துவாஸ், கப்ரியேல் மூனி, ஆன்-நெல்லி பெரே-கிளெர்மோன் ஆகிய மூவரும் இதை ஒரு கூட்டுக் காரியமாக மாற்றிப் பார்த்தார்கள். சமம் என்று இன்னும் புரிபடாத பிள்ளையை, புரிந்த இருவரோடு உட்கார வைத்து, வெவ்வேறு வடிவக் குவளைகளில் பழச்சாற்றை மூவருக்கும் சமமாகப் பங்கிடச் சொன்னார்கள். பங்கு என்று வந்துவிட்டால் குழந்தைகள் விளையாட்டுக்குப் பேசுவதில்லை. ‘உனக்குத்தான் அதிகம்’, ‘இல்ல, இது ஒல்லி, அதனாலதான் மேல நிக்குது’ என்று வாதம் போகும். பிறகு தனியாகச் சோதித்தபோது, புரியாமல் இருந்தவர்களில் கணிசமானோர் முன்னேறியிருந்தார்கள். அதிலும், கூட்டாளிகள் சொல்லாத காரணங்களைக்கூடச் சிலர் சொந்தமாகச் சொன்னார்கள். கிளிப்பிள்ளையாகத் திருப்பிச் சொல்லியிருந்தால் அது வந்திருக்காது.

இங்கே ஒரு சந்தேகம் எழலாம். தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுத்தார், இதில் என்ன அதிசயம்? அதிசயம் அடுத்த கட்டத்தில் இருக்கிறது. இருவருக்குமே தெரியாது, ஆனால் இருவரும் வேறு வேறு விதமாகத் தப்பு செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆய்வாளர்கள் சிறு வீடுகளை வைத்து ஒரு பொம்மைக் கிராமம் அமைத்து, திருப்பி வைத்த இன்னொரு பலகையில் அதை அப்படியே அடுக்கச் சொன்னார்கள். சின்னக் குழந்தை தன் கண்ணுக்குத் தெரிகிற இடது வலதை வைத்தே அடுக்கும், அதனால் தப்பாகும். மேசைக்கு எதிர்ப்பக்கம் இன்னொரு குழந்தை இருந்தால் அதுவும் அப்படித்தான் அடுக்கும். ஆனால் அந்தத் தப்பு இந்தத் தப்போடு ஒத்துப்போகாது. ஒருவர் வைத்த வீட்டை மற்றவர் எடுத்து நகர்த்துவார். தன் பார்வை மட்டும் போதாது என்று இருவருக்கும் அப்போது உறைக்கிறது. இரண்டு தப்புகளின் மோதலில் இருவருமே ஒரு படி ஏறிய நிகழ்வுகளை அவர்கள் பதிவு செய்தார்கள். ஒரே மாதிரித் தப்பு செய்யும் இருவரைச் சேர்த்தால் இந்த மோதல் வராது, பலனும் மட்டு.

ஆக, இரண்டு நிபந்தனைகள் தெரிகின்றன. எதிரில் இருப்பவர் சமமானவராக இருக்க வேண்டும், அப்போதுதான் சொன்னதைக் கேள்வி கேட்க முடியும். ஆனால் அதே மாதிரி யோசிப்பவராக இருக்கக் கூடாது, இருந்தால் கேட்க ஒன்றுமிருக்காது. இந்த இரண்டில் ஒன்று இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் ஆய்வு இருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

பேச்சு வருமுன்

வாதம் செய்ய வாய் வேண்டும். வாய் திறக்காத வயதில் இன்னொரு குழந்தையால் என்ன பயன்? கைக்குழந்தைகளைப் பக்கத்தில் பக்கத்தில் விட்டால் ஒன்றை ஒன்று பொம்மை மாதிரித் தொட்டுப் பார்க்கும், முடியைப் பிடித்து இழுக்கும், அவ்வளவுதான் என்று வெகுநாள் நம்பினார்கள்.

1993-இல் எலிசபெத் ஹன்னாவும் ஆண்ட்ரூ மெல்ட்சாஃபும் செய்த சோதனை இந்த எண்ணத்தை அசைத்தது. ஒரு வயது தாண்டிய குழந்தைகள் சிலருக்குச் சில புதுப் பொம்மைகளை இயக்கப் பழக்கினார்கள். மற்றக் குழந்தைகள் அதைப் பார்க்க மட்டும் செய்தார்கள், கையில் தரவில்லை. காப்பகத்தில் ஒரு குழந்தை செய்ததைப் பார்த்தவர்களுக்கு, இரண்டு நாள் கழித்து அவரவர் வீட்டில் அதே பொம்மையைக் கொடுத்தபோது, அதே மாதிரி இயக்கினார்கள். இடம் வேறு, நாள் வேறு, செய்துகாட்டிய குழந்தையும் கூட இல்லை. ஆனாலும் நினைவில் இருந்தது.

பிரான்சில் ழாக்லின் நதெல் கவனித்தது இன்னும் எளிமையானது. இரண்டு வயதை ஒட்டிய குழந்தைகள் இருக்கும் அறையில் ஒவ்வொரு பொருளையும் இரண்டிரண்டாக வைத்தார். ஒன்று தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டால் இன்னொன்றும் ஓடிப்போய் அடுத்த தொப்பியைப் போட்டுக்கொள்ளும். குடையை விரித்தால் குடை. பேச்சு போதாத வயதில் இதுவே உரையாடல். ‘நான் செய்ததை நீ பார்த்தாய், நீ பார்த்ததை நான் பார்த்தேன்’ என்பதுதான் அதன் பொருள். பேச்சு வளர வளர இந்தப் பழக்கம் தேய்ந்துவிடுகிறது, வேலை முடிந்துவிட்டது. சின்னவர்கள் இருக்குமிடத்தில் எதை வாங்கினாலும் இரண்டாக வாங்கு என்று பிள்ளை வளர்த்தவர்கள் சொல்வது சண்டையைத் தவிர்க்க மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். அதில் இதுவும் இருக்கிறது.

அமெரிக்காவில் பட்ரிசியா கூல் குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மாதக் குழந்தைகள் அயல்மொழியின் ஒலிகளை நேரில் பேசும் ஆளிடமிருந்து கற்றுக்கொண்டன. அதே ஆள் திரையில் பேசினால் கற்கவில்லை. திரையால் பயனில்லை என்று அன்று எழுதப்பட்டது. 2018-இல் அதே குழுவைச் சேர்ந்தவர்கள் வேறு விதமாகச் செய்தார்கள். தொட்டால் ஓடும் காணொளியைச் சில குழந்தைகளுக்குத் தனியாகவும், சிலருக்கு இன்னொரு குழந்தையோடு சேர்த்தும் காட்டினார்கள். இரண்டாக உட்கார்ந்து பார்த்த குழந்தைகளின் மூளை அலைகளில்தான் அந்த ஒலிகளைப் பிரித்தறிந்த தடம் தெரிந்தது. பக்கத்திலிருந்த குழந்தைக்கும் அந்த மொழி தெரியாது. சொல்லிக்கொடுக்க ஆளே இல்லாத இடத்திலும், கூட ஓர் உயிர் இருப்பதே கவனத்தைக் கூர்மையாக்கிவிடுகிறது போலும். திரையை நியாயப்படுத்த இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். அதில் வேலை செய்தது திரை இல்லை.

வேடிக்கை பார்க்கும் பிள்ளையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் மில்ட்ரெட் பார்ட்டன் 1932-இல் வெளியிட்ட வகைப்பாடு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. தனியாக விளையாடுவது, ஓரமாக நின்று பார்ப்பது, பக்கத்தில் பக்கத்தில் அவரவர் விளையாடுவது, கலந்து விளையாடுவது, பங்கு பிரித்துச் சேர்ந்து விளையாடுவது என்று அது போகிறது. இதை ஏணிப்படியாக எடுத்துக்கொண்டு, ஓரமாக நிற்கும் பிள்ளை பின்தங்கிவிட்டது என்று பதறுகிறவர்கள் உண்டு. நான்கு வயதுப் பிள்ளையும் ஒரே காலையில் எல்லாப் படியிலும் ஏறி இறங்கும். ‘ஒப்புக்குச் சப்பாணி’யாகச் சேர்த்துக்கொள்ளப்பட்ட குட்டித் தம்பி ஆட்டத்தின் விதிகளை முழுசாகக் கற்றுக்கொள்வது அந்த ஓரத்தில் நின்றுதானே?

‘ஆம்’ என்ற ஒட்டு

பாவனை விளையாட்டுக்கு வருவோம். மூன்றரை வயதில் இது சூடு பிடிக்கிறது. “இது பஸ்ஸாம். நீ டிரைவராம். நான் கண்டக்டராம்.” கவனித்தால், இந்த வயதில் குழந்தைகள் தமிழின் ‘ஆம்’ என்ற ஒட்டை எடுத்துத் தங்கள் காரியத்துக்கு வளைத்துக்கொள்கிறார்கள். பெரியவர்கள் வாயில் அது பிறர் சொல்லக் கேட்டதைச் சொல்வது: மழை வருமாம், அவர் ஊருக்குப் போயிருக்கிறாராம். குழந்தைகள் வாயில் அது ‘நிஜத்தில் இல்லை, நாம் இப்போதைக்கு ஒத்துக்கொண்டது’ என்று ஆகிவிடுகிறது. “நான் ஊசி போடுவேனாம், நீ அழுவியாம்.” அழ வேண்டியவனுக்கு அழுகை வரவில்லை. “இல்ல, நான் அழமாட்டேனாம், நான் தைரியசாலியாம்.” “அப்ப நான் விளையாட மாட்டேன் போ.” ஒரு நிமிடம் மௌனம். “சரி, கொஞ்சமா அழுவேனாம்.”

இந்தச் சின்னப் பேரத்தில் இரண்டு தளங்கள் ஓடுகின்றன. ஒன்று கதை, இன்னொன்று கதையைப் பற்றிய பேச்சு. நாற்காலி நாற்காலியாகவும் இருக்க வேண்டும், பஸ்ஸாகவும் இருக்க வேண்டும். அதோடு ‘அவன் இதை என்னவென்று நினைத்துக்கொண்டிருக்கிறான்’ என்பதும் தலையில் இருக்க வேண்டும். அவன் அதைப் படகு என்று நினைத்துத் துடுப்பு போட ஆரம்பித்தால் ஆட்டமே குலைந்துவிடும்.

பிறர் மனதில் தன்னுடையதிலிருந்து வேறான எண்ணம் இருக்கலாம், அது தப்பாகவும் இருக்கலாம் என்று புரிந்துகொள்ளும் திறனைச் சோதிக்க 1983-இல் ஹைன்ஸ் விம்மரும் ஜோசப் பெர்னரும் ஒரு கதையைப் பயன்படுத்தினார்கள். ஒரு பையன் மிட்டாயை ஓர் இடத்தில் வைத்துவிட்டுப் போகிறான். அவன் இல்லாதபோது அது இடம் மாறுகிறது. திரும்பி வந்தால் எங்கே தேடுவான்? மூன்று வயதுக் குழந்தைகள் மிட்டாய் இப்போது இருக்கும் இடத்தையே காட்டுவார்கள். நான்கு, ஐந்து வயதில் பெரும்பாலோர் அவன் வைத்த இடத்தைக் காட்டிவிடுவார்கள். இந்த மாற்றம் சிலருக்குச் சீக்கிரம் வருகிறது, சிலருக்குத் தாமதமாகிறது. ஏன்? பெர்னரும் சகாக்களும் 1994-இல் ஒரு காரணம் காட்டினார்கள்: உடன்பிறந்தவர்கள் இருக்கும் குழந்தைகள் இதில் முந்திக்கொள்கிறார்கள். எல்லா ஆய்விலும் இது இவ்வளவு தெளிவாக வரவில்லை. ஆனால் 2005-இல் வெளியான ஓர் ஆய்வு எனக்கு முக்கியமாகப் படுகிறது. இரட்டைப் பிள்ளைகளுக்கு, அந்த இரட்டையைத் தவிர வேறு உடன்பிறப்பு இல்லாவிட்டால், இந்தச் சாதகம் கிடைக்கவில்லை. பகல் முழுக்கக் கூடவே ஒரு சமவயதுப் பிள்ளை இருந்தும் கிடைக்கவில்லை! இரட்டைகள் ஒருவருக்கொருவர் சொல்லாமலே புரிந்துகொள்வது இதற்குக் காரணமாக இருக்கலாம். அப்படியானால் கிராமம் அடுக்கிய பிள்ளைகளின் கதைதான் இங்கேயும். வித்தியாசம் இல்லாத சமத்துவத்தில் உரசல் இல்லை.

பேச்சைப் பதிவு செய்து பார்த்தவர்களும் இதற்குப் பக்கத்தில் வருகிறார்கள். ஜூடி டன்னும் உடன் ஆய்வாளர்களும் 1996-இல், நான்கு வயதை ஒட்டிய குழந்தைகள் ‘நினைக்கிறேன்’, ‘தெரியும்’, ‘ஞாபகம்’ மாதிரியான மனச்சொற்களை யாரோடு அதிகம் பேசுகிறார்கள் என்று எண்ணினார்கள். அம்மாவோடு பேசும்போதைவிட, நண்பர்களோடும் உடன்பிறந்தவர்களோடும் பேசும்போது அதிகம். அம்மாவுக்குத்தான் எல்லாம் தெரிந்திருக்கிறதே!

தங்களுக்குள் ஒரு மொழி

சொல்வதை ஆளுக்குத் தகுந்தபடி மாற்றிச் சொல்லும் திறனும் இப்படித்தான் வருகிறது. 1973-இல் மர்லின் ஷாட்ஸும் ரோசெல் கெல்மனும் நான்கு வயதுக் குழந்தைகளிடம் ஒரு பொம்மையைக் கொடுத்து, அது எப்படி இயங்குகிறது என்று ஒருமுறை பெரியவருக்கும் ஒருமுறை இரண்டு வயதுக் குழந்தைக்கும் விளக்கச் சொன்னார்கள். சின்னதிடம் பேசும்போது வாக்கியங்கள் தானாகக் குட்டையாகிவிட்டன. ‘பாரு’, ‘இங்க பாரு’ என்று கவனத்தை இழுக்கும் சொற்கள் கூடிவிட்டன. கலந்த வயதுப் பிள்ளைகள் ஒன்றாக இருப்பதில் சின்னவருக்கு மட்டும்தான் லாபம் என்ற கணக்கு தப்பு. சொல்லிக்கொடுக்கும் நான்கு வயதுக்காரி, தனக்கு என்ன தெரியும் என்பதை அப்போதுதான் வரிசைப்படுத்திப் பார்க்கிறாள். ரோமில் 1907-இல் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்த மரியா மாண்டிசோரி, மூன்று முதல் ஆறு வயது வரையிலான பிள்ளைகளை ஒரே அறையில் வைத்தது நடைமுறைக் காரணத்தால் தொடங்கியிருந்தாலும், அதைக் கடைசிவரை விடாமல் வைத்திருந்ததற்கு இது ஒரு காரணம்.

ஆனால் சமவயதுப் பிள்ளைகள் கூடினால் எதுவரை போக முடியும் என்பதற்கு நிகராகுவாவைவிடப் பெரிய சான்று கிடையாது. 1977-இல் தலைநகர் மனாகுவாவில் காது கேளாத பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. அதுவரை அவர்கள் அவரவர் வீட்டில், குடும்பத்தார் மட்டும் புரிந்துகொள்ளும் சில சைகைகளோடு தனித்தனியாக வளர்ந்தவர்கள். ஆசிரியர்கள் உதட்டசைவைப் படிக்கக் கற்றுக்கொடுக்க முயன்றார்கள்; பெரிதாகப் பலிக்கவில்லை. ஆனால் ஆட்டக்களத்திலும் பள்ளிப் பேருந்திலும் வேறொன்று நடந்தது. பிள்ளைகள் தங்கள் வீட்டுச் சைகைகளைக் கலந்து பேசத் தொடங்கினார்கள். 1986-இல் மொழியியலாளர் ஜூடி கெகல் அழைக்கப்பட்டு வந்து பார்த்தபோது, எந்தப் பெரியவரும் கற்றுத்தராத ஒரு சைகை மொழி உருவாகிக்கொண்டிருந்தது.

அதைவிட வியப்பு, பின்னால் வந்த சின்னக் குழந்தைகள் செய்தது. ஒரு பொருள் உருண்டுகொண்டே இறங்குவதைக் காட்ட, முதலில் வந்தவர்கள் ஒரே கையசைவில் உருட்டி இறக்கினார்கள். அடுத்த தலைமுறைப் பிள்ளைகள் ‘உருள்’, ‘இறங்கு’ என்று இரண்டு சைகைகளாகப் பிரித்துவிட்டார்கள். பிரித்தால்தான் வேறு சொற்களோடு கோக்க முடியும். இலக்கணம் என்பது அதுதானே. ஆன் செங்காஸும் சகாக்களும் 2004-இல் இதை விரிவாகக் காட்டினார்கள். 2009-இல் ஜென்னி பயர்ஸும் செங்காஸும் வெளியிட்ட ஆய்வு இந்தக் கதையை நாம் மேலே பார்த்த மிட்டாய்க் கதையோடு கொண்டுபோய்ச் சேர்க்கிறது. முதலில் வந்தவர்கள் வளர்ந்து பெரியவர்களான பிறகும், ‘நினை’, ‘அறி’ போன்ற மனச்சொற்கள் அவர்களிடம் குறைவாகவே இருந்தன. பிறரின் தப்பான நம்பிக்கையைக் கணிக்கும் சோதனையில் பலர் தடுமாறினார்கள். சில ஆண்டுகள் இளையவர்களோடு பழகி அந்தச் சொற்கள் வந்த பிறகு சோதனையிலும் தேறினார்கள்.

எப்போது பலிக்காது

இதுவரை சொன்னதை வைத்துக்கொண்டு, பிள்ளைகளை ஓர் அறையில் விட்டுக் கதவைச் சாத்தினால் போதும் என்று யாரும் நினைக்க வேண்டாம். 1992-இல் ஜொனாதன் டட்ஜ் ஐந்து முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளைத் தராசுக் கோல் ஒன்றின் முன் ஜோடியாக உட்கார வைத்தார். எடைகளை இப்படி வைத்தால் எந்தப் பக்கம் சாயும் என்று பேசி முடிவு செய்ய வேண்டும். ஆனால் கோல் உண்மையில் எந்தப் பக்கம் சாய்கிறது என்று காட்டப்படவில்லை. முன்னேறியவர்கள் இருந்தார்கள், ஏறக்குறைய அதே அளவுக்குப் பின்வாங்கியவர்களும் இருந்தார்கள். சரியாகச் சொன்ன பிள்ளை, எதிராளி அடித்துப் பேசியதும் தன் விடையைக் கைவிட்டு, பிறகு தனியாகக் கேட்டபோதும் தப்பையே சொன்னது. கோல் சாய்வதைப் பார்க்கவிட்ட சோதனைகளில் நிலைமை மாறியது. குரல் உயர்ந்தவர் பக்கம் நியாயம் போய்விடாமல் தடுக்க, பொருளே சாட்சி சொல்ல வேண்டியிருக்கிறது.

கட்டை சரிந்தால் சரிந்ததுதான், தண்ணீரைத் திருப்பி ஊற்றினால் அளவு தெரிந்துவிடும். இப்படித் தப்பு தானாகவே வெளிப்படும் விளையாட்டுகளில் குழந்தைகளைத் தாராளமாக விட்டுவிடலாம். விடை கண்ணுக்குத் தெரியாத காரியங்களில் பெரியவர் பக்கத்தில் இருப்பது நல்லது, தீர்ப்பு சொல்ல இல்லை, கேள்வி கேட்க. “அவன் ஏன் அப்படிச் சொல்றான்னு அவன்கிட்டயே கேட்டியா?” இந்த ஒரு கேள்விக்கு இருக்கும் பலம், ‘சண்டை போடாதீங்க, இப்படி வைங்க’ என்பதற்கு இல்லை. இங்கிலாந்தில் நீல் மெர்சரும் குழுவினரும் பள்ளிப் பிள்ளைகளின் பேச்சைப் பதிவு செய்து, வெறுமனே மறுத்துப் பேசுவது, வெறுமனே ஒத்துப்போவது, காரணம் கேட்டுக் காரணம் சொல்வது என்று மூன்றாகப் பிரித்தார்கள். மூன்றாவது வகை தானாக அதிகம் வருவதில்லை. அதைப் பழக்கிய வகுப்புகளில் பிள்ளைகள் குழுவாக மட்டுமில்லாமல், தனியாகத் தர்க்கப் புதிர்களைப் போடுவதிலும் மேம்பட்டார்கள். அவர்கள் ஒன்பது, பத்து வயதுக்காரர்கள். நான்கு வயதுக்கு இவ்வளவு ஒழுங்கு ஒத்துவராது. ‘ஏன்?’ என்ற ஒரு சொல் ஒத்துவரும்.

யாருமே சமமாக நடத்தாத பிள்ளையின் நிலைதான் உண்மையில் கவலைக்குரியது. பேச்சு தாமதமான குழந்தை, மிகக் கூச்சப்படும் குழந்தை, எப்போதும் ‘நீ பாப்பா’ என்றே ஆக்கப்படும் குழந்தை. கூட்டத்தில் இருந்தும் இவர்களிடம் யாரும் எதையும் கேட்பதில்லை, மறுப்பதும் இல்லை. இவர்களுக்கு இருபது பேர் கொண்ட வகுப்பைவிட, தனக்குப் பிடித்த ஒரே ஒரு கூட்டாளியும் அரை மணி நேரமும் அதிகம் உதவும்.

பலன் எப்போது தெரியும் என்பதிலும் ஒரு சிக்கல். பிரிட்டனில் கிறிஸ்டின் ஹோ எட்டு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளைக் குழுக்களாகச் சேர்த்து, சரிவான பாதையில் பொருட்கள் எப்படி உருண்டு இறங்கும் என்று வாதிக்க வைத்தார். வேறு வேறு கருத்துள்ளவர்கள் சேர்ந்த குழுக்களைக் கையோடு சோதித்தபோது சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை. குழுவில் ஒத்த முடிவு வந்ததா என்று பார்த்தால், பல இடங்களில் அதுவும் இல்லை. சில வாரம் கழித்து ஒவ்வொருவரையும் தனியாகச் சோதித்தார்கள். முன்னேற்றம் அப்போதுதான் தெரிந்தது. இடைப்பட்ட நாட்களில் யாரும் அவர்களுக்கு அதைப் பற்றிப் பாடம் எடுக்கவில்லை. எதிராளி எழுந்து போன பிறகும் வாதம் மட்டும் உள்ளே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.